பதினோராம் கட்டிலுக்கு ஒரு பூதம்

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறார். அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை அச்சடித்து, முத்திரை குத்தி, எங்கள் மகள் கையில் கொண்டுவந்து கொடுக்க எங்களுக்கு அரைப் பகல்தான் இருந்தது. முந்தாநாள் நடந்தது இது.

நான் அவரைப் போல இல்லை. எனக்குப் பொய் சரளமாக வரும். தையல்கடையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வராமல் எப்படி இருக்கும்? துணியில் கத்தரியே வைத்திருக்கமாட்டேன், "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்று வாய் கூசாமல் சொல்வேன். இடுப்பு பெருத்துப்போன அம்மாவிடம், "உடம்பு அப்படியேதான் இருக்கு, துணிதான் சுருங்கிடுச்சு" என்பேன். அவர்கள் சந்தோஷமாகப் போவார்கள், நானும் ரெண்டு தையலைப் பிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இதிலெல்லாம் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

இவர் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பதினாறு வருடமாக 'ப' என்ற எழுத்தோடு குடும்பம் நடத்துகிறவர். என்னோடு நடத்தியது பத்து வருடம்தான். "இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டால், இரண்டு நிமிடம் நின்று யோசித்துவிட்டு, "கைப்பக்கம் நல்லா இருக்கு" என்பார். அடிக்க வேண்டும்போல இருக்கும். ஆனால் அவர் ஒன்று சொன்னால் அது அப்படித்தான் இருக்கும், தெருவே வந்து நின்றாலும் மாறாது.

எங்களுக்கு ஒரே பெண். ஏழு வயது. ஆள் குட்டை, பேச்சு காரம், அதனால் மிளகு என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பிறந்தபோதே இதயத்தில் கோளாறு. நாலு வயதில் முதல் ஆபரேஷன் நடந்தது. "சும்மா கொஞ்ச நேரம் தூங்குவே, எழுந்ததும் வீட்டுக்குப் போயிடலாம்" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். எழுந்தபோது நெஞ்சில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கட்டு, மூக்கில் குழாய், மூன்று வாரம் கட்டில். அன்றிலிருந்து அவள் என் பேச்சை நம்புவதில்லை. "மழை பெய்யுது" என்று சொன்னால்கூட ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

அப்பா பேச்சு வேதம். அதற்கு ஒரு காரணம் உண்டு. இவர்கள் அலுவலகத்தில் ஒரு பக்கம் முடிவதற்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். ஒருவர் கையெழுத்துப் படியைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சுப் படியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் 'இறுதிப்படி' என்று முத்திரை. இவர் அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்து மகளை விரல் வைக்கும் ஆளாக்கிவிட்டார். அவள் எழுத்துக் கூட்டப் படித்ததே அப்படித்தான். "பசி, பெயர், உணவு வேண்டும் உணர்வு, அரைப்புள்ளி" என்று இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இரண்டும் கழன்ற கேஸ் என்று தோன்றும். பொறாமையாகவும் இருக்கும்.

இரண்டாவது ஆபரேஷனுக்காகப் போன மாதம் சேர்த்தோம். குழந்தைகள் வார்டு, பதினோராம் கட்டில். பன்னிரண்டில் அவள் வயதுப் பெண் ஒருத்தி. அந்த வார்டில் பிள்ளைகள் ஒருவரையொருவர் எண் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பதினொன்றும் பன்னிரண்டும் இரண்டே நாளில் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள். கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி நூல் கட்டி விளையாடுவார்கள். என் கடையிலிருந்து ஒரு நூல்கண்டே காலி.

விளக்கை அணைத்த பிறகும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தால் வார்டு ஆயா வந்து, "தூங்காம இருந்தீங்கன்னா பூதம் வந்து தூக்கிட்டுப் போயிடும்" என்று மிரட்டிவிட்டுப் போவார். கெட்ட மனுஷி இல்லை. இருபது பிள்ளைகளை ஒற்றையாளாக அடக்க வேறு என்ன செய்வார்? பதினொன்றும் பன்னிரண்டும் சிரித்துவிட்டுத் தூங்கிவிடும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் மிளகு கண் விழித்தபோது பன்னிரண்டாம் கட்டில் காலி. புது விரிப்பு போட்டு, தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நான் என் வழக்கப்படி, "வீட்டுக்குப் போயிட்டாடா, உடம்பு சரியாயிடுச்சு" என்றேன். அவள் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டின் செருப்பு அங்கேயே கிடந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வரும்வரை வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவர் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, பூதம்னா என்ன?"

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கழுத்து சுளுக்கும்படி தலையை ஆட்டினேன். கண்ணால் கெஞ்சினேன். இவருக்கு எங்கே தெரிகிறது? ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிட்டால் மனிதருக்கு உலகமே மறந்துவிடும். நாற்காலியை இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது வடமொழியிலேர்ந்து வந்த சொல்லும்மா. ஆகறது, இருக்கறதுன்னு அர்த்தம் வர ஒரு வினையிலேர்ந்து பொறந்தது. பூதம்னா ஆகி முடிஞ்சது. முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்ல. அவ்வளவுதான்."

"இருந்து முடிஞ்சதா?"

"ஆமா. அதனாலதான் செத்துப்போனவங்க ஆவிக்கும் அந்தப் பேரு வந்துச்சு. பெரிய பல்லு, பெரிய வயிறு எல்லாம் ஜனங்க பின்னாடி ஒட்டவெச்சது. பயப்படறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

பயத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் சிரிக்கவும் செய்தார். மிளகு பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டு முன்னாடி இருந்தா. இப்ப இல்ல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப பூதம் அவளைத் தூக்கிட்டுப் போகலப்பா," என்றாள். "அவதான் பூதம். அவளுக்கு என் கட்டில் தெரியும்."

உலகத்தில் வேறு எந்த அப்பனாக இருந்தாலும், "பூதமும் இல்ல, கீதமும் இல்ல, படு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பான். என் தலையெழுத்து, அகராதிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். வார்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் அவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். "அவ கேட்டா, நான் சொன்னேன்" என்றார். சுவரில் சாய்ந்து நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றிலிருந்து மிளகு தூங்கவில்லை. தூங்கினால் பன்னிரண்டு வந்து கூப்பிடுவாள், பழக்கத்தில் தானும் கையை நீட்டிவிடுவோம் என்று பயம். கண் சொருகும்போதெல்லாம் தன்னைத்தானே கிள்ளிக்கொள்வாள். கையெல்லாம் நகக்குறி. டாக்டர் தூக்க மருந்து எழுதிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? கேட்டால் குடிக்கமாட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமை கஞ்சியில் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். நாக்கில் நிறுத்தி ருசி பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்பினாள்.

அதோடு போயிற்று. கஞ்சி, பால், தண்ணீர் எதுவும் வேண்டாம், யார் கையாலும் வேண்டாம். எல்லாவற்றிலும் தூக்கம் கலந்திருக்கிறதாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். இரண்டு தடவை பிடுங்கி எறிந்தாள். அழுதால் அவளுக்கு உதடு நீலமாகிவிடும். இரண்டாம் தடவை நகமெல்லாம் நீலமாகி, நர்சுகள் ஓடிவந்து, மூன்றாம் தடவை குழாய் விட டாக்டருக்கே தைரியம் வரவில்லை. கையில் ஏறிய சலைன்தான் ஆகாரம்.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், நல்லவர், அன்று எங்கள் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"வியாழக்கிழமைதான் தேதி. இப்ப இருக்கற நிலையில மேசையில படுக்கவைக்க முடியாது, மயக்க மருந்தைத் தாங்கமாட்டா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வாய் வழியா ஏதாவது போகணும், நல்லாத் தூங்கணும்."

"தள்ளிப் போட்டா?" என்றார் இவர்.

"தள்ளிப் போட இடமில்ல."

நான் ஓடிப்போய் மகள் காலடியில் உட்கார்ந்தேன். வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டேன். "அப்பா சொன்னது பழைய அர்த்தம்டி. பூதத்துக்கு வேற நல்ல அர்த்தம் ஒண்ணு இருக்கு. அப்பா மறந்துட்டாரு."

அவள் என்னைச் சட்டை செய்யவில்லை. அப்பாவைப் பார்த்தாள். தூக்கமில்லாமல் அவள் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

"இருக்காப்பா?"

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பில் ஓங்கிக் கிள்ளினேன்.

"பாக்கறேம்மா," என்றார்.

"அச்சுல காட்டு. முத்திரையோட. அப்பதான் நம்புவேன்."

ஆயாவை உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு நம்பிக்கையில்லை. போய், நாலு மணிவரை உண்மையைத் தேடிக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு வருவார்.

அவர் அலுவலகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மூன்றாம் மாடி, நீளமான அறை. சுவர் முழுக்கக் கையளவு மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் எழுத்து ஒட்டியிருந்தது. ஆறேழு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மூலையில் இரண்டு பேர் முணுமுணுவென்று வாசித்துக்கொண்டிருந்தார்கள், "காற்புள்ளி, அடைப்புக்குறி திறக்க". இவர் மேசைமேல் ஒரு பூதக்கண்ணாடி கிடந்தது. அந்தப் பேரை மனதுக்குள் சொல்லக்கூடப் பிடிக்காமல் அதன்மேல் ஒரு காகிதத்தைப் போட்டு மூடினேன்.

அவர் 'பூ' இழுப்பறையை இழுத்து நூல் கட்டிய ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். பூதம் என்ற சொல் எந்தெந்த நூலில், யார் வாயில், என்ன அர்த்தத்தில் வந்திருக்கிறது என்று சீட்டுக்கு ஒன்றாக எழுதிவைத்திருந்தார்கள். நாற்பத்து மூன்று சீட்டு. நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். விழுங்கும் பூதம், மிரட்டும் பூதம், புதையலைக் கட்டிக் காக்கும் பூதம், சுடுகாட்டில் ஆடும் பூதம்.

"இத்தனைல ஒண்ணுகூடக் குழந்தைக்கு ஆகற மாதிரி இல்லையா?"

"இல்ல. சனிக்கிழமையே வந்து தேடிட்டேன்."

சனிக்கிழமை அவர் எங்கே போகிறேன் என்று சொல்லாமலேதான் கிளம்பிப் போனார். இங்கேதான் வந்திருக்கிறார். நாற்பத்து மூன்று சீட்டையும் மூன்று நாளுக்கு முன்பே ஒற்றை ஆளாகப் படித்திருக்கிறார். அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டேன், வேலை நடக்க வேண்டுமே.

"பேனாவை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. பூதம்னா குழந்தைங்களுக்குக் காவலுக்கு நிக்கற சாமி மாதிரி ஒண்ணு."

"மாதிரின்னு எழுதமாட்டோம்."

"சரி, மாதிரியை எடுத்துடுங்க. யாரையும் தூக்கிட்டுப் போகாது."

"எது இல்லங்கறதை எழுதறதில்லம்மா. எது இருக்கோ அதைத்தான்."

"அவளுக்கு அதுதாங்க வேணும்! எழுதுங்க!"

எழுதினார். அடுத்து, சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி வேண்டும், அது இல்லாவிட்டால் மிளகு நம்பமாட்டாள் என்றார். நான் யோசித்தேன். ராத்திரி அவள் உதைத்துத் தள்ளிய போர்வையை நான் எழுந்து எழுந்து இழுத்துவிடுவதுதான் ஞாபகம் வந்தது.

"போர்த்தறதுலேர்ந்து வந்துச்சுன்னு போடுங்க. போர்த்திவிடறது பூதம்."

"அது எப்படிம்மா? போ எப்படிப் பூ ஆகும்?"

"ஆகும்! என் பொண்ணுக்காக ஆகும்! ஆகாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

அறை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. மூலையில் வாசித்துக்கொண்டிருந்தவர் அடைப்புக்குறியை மூடாமல் அப்படியே நிறுத்திவிட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த வரியை எழுதி முடித்தார். ஒரு சொட்டு கண்ணீர் 'போர்த்தல்' என்ற சொல்லின்மேல் விழுந்து மை பரவியது. அதை ஒற்றி எடுத்துவிட்டு, புதிய சீட்டில் முதலிலிருந்து அழகாக எழுதினார்.

அதற்குள் தலைமைப் பதிப்பாசிரியர் வந்து நின்றார். பெண்மணி, என்னைவிடச் சின்னவர், கட்டையாக வெட்டிய முடி. ஒரே பக்கத்தை இவரிடம் பதினொரு தடவை திருப்பி அனுப்பியவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சீட்டை எடுத்து வாசித்தார்.

"இதுக்கு என்ன ஆதாரம்?"

இவர் எழுந்து நின்றார், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல. நான் முந்திக்கொண்டேன்.

"புது ஆராய்ச்சிங்க. வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க."

"எனக்கே காது குத்தறீங்களாம்மா?"

"ஆதாரம் எதுவும் இல்லைங்க," என்றார் இவர். "என் பொண்ணு அஞ்சு நாளாத் தூங்கல. இப்ப சாப்பாடும் இல்ல. நான்தான் அவகிட்ட பூதத்துக்கு மூலம் சொன்னேன். இப்ப அச்சுல வேற அர்த்தம் இருந்தாத்தான் சாப்பிடுவேங்கறா. வியாழக்கிழமை ஆபரேஷன்."

அந்த அம்மா சீட்டை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு காற்புள்ளியை அரைப்புள்ளியாகத் திருத்தினார். தானே கணினி முன் உட்கார்ந்து, நிஜ அகராதியின் எழுத்திலேயே, மேலே பூட்டு, பூண்டு, கீழே பூமி, பூரான் என்ற உண்மையான சொற்களுக்கு நடுவில் எங்கள் பொய்யை வைத்து ஒரே ஒரு தாள் எடுத்தார். முத்திரையை மேசை அதிரக் குத்தினார்.

"இந்தத் தாள் திரும்ப என் கைக்கு வரணும். நானே கிழிக்கணும். புரியுதா?"

பஸ்ஸில் இவர் தாளையும் கையெழுத்துச் சீட்டுகளையும் கோப்புக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது, வாசித்துப் பழகினார். "கண்டுபிடிச்சுடுவாளோ?" என்று இரண்டு தடவை கேட்டார். "நீங்க வழக்கம்போல வாசிங்க, போதும்" என்றேன்.

நாங்கள் போனபோது மணி இரண்டு. மிளகு இரண்டு தலையணையில் சாய்ந்து, விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயா எங்களைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தட்டில் கஞ்சி தயாராக இருந்தது. மருந்து கலக்காத கஞ்சி.

அவள் தாளை வாங்கி முதலில் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "வாசி," என்று சொல்லிவிட்டு விரலை வைத்துக்கொண்டாள். இவர் கையெழுத்துச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு பூட்டிலிருந்து ஆரம்பித்தார். பூட்டு சரியாக வந்தது. பூண்டும் வந்தது, புள்ளிகளோடு. பிறகு பூதம்.

"பூதம் பெயர் குழந்தைகள் உறங்கும்போது அருகில் நின்று காவல் காப்பது யாரையும் தூக்கிச் செல்லாதது நோயுற்ற குழந்தைகளைப் போர்த்திவிடுவது ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது..."

ஒரே மூச்சில் ஓடினார், குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்பா, அரைப்புள்ளியெல்லாம் விட்டுட்டே."

அவர் நிறுத்தினார். அவள் தானே வாயசைத்து வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"இது அம்மா பேசற மாதிரி இருக்கு," என்றாள்.

"அகராதில நான் எங்கடி வந்து பேசப்போறேன்?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே நாராசமாகக் கேட்டது.

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பொய்யாப்பா?"

இவர் கண்ணாடியைக் கழற்றினார். தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா இல்லை என்று ஆட்டினாரா, அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். தாளை மெதுவாக மடியில் வைத்தாள். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"நீயே பொய் சொல்ற அளவுக்கு எனக்கு மோசமாயிடுச்சாப்பா?"

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். இனி நான்தான் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் வழக்கம்போல நாலைந்து பொய் தயாராக இருந்தது. சேச்சே, அப்பாவுக்குத் தலைவலிடி. அச்சுப் பிழைடி. சும்மா விளையாட்டுக்குடி. எல்லாம் தொண்டைவரை வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஒன்றைக்கூட வெளியே தள்ள முடியவில்லை.

"ஆமா," என்றேன். "ரொம்ப மோசம்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பன்னெண்டு மாதிரியா?"

"பன்னெண்டு மாதிரிதான். அவ வீட்டுக்குப் போகல. செத்துப்போயிட்டா. யாரும் தூக்கிட்டுப் போகல, அவ பூதமும் ஆகல. அவ இதயம் நின்னுபோச்சு. ஆபரேஷன் பண்ணலேன்னா உன்னோடதும் நின்னுடும். நீ சாப்பிட்டுத் தூங்கினாத்தான் பண்ணுவாங்க."

"பண்ணினா சரியாயிடுமா?"

"தெரியாதுடி. சரியாகலாம். எனக்குத் தெரியாது."

"வலிக்குமா?"

"வலிக்கும். போன தடவை உன்கிட்ட பொய் சொன்னேன். இந்தத் தடவையும் நிறைய வலிக்கும்."

"கஞ்சில மருந்து இருக்கா?"

"இதுல இல்ல. ஞாயித்துக்கிழமை கலந்தேன்."

அவள் பன்னிரண்டாம் கட்டிலைப் பார்த்தாள். இப்போது அதில் வேறொரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அவ தனியாவா இருந்தா?"

"இல்ல. அவ அம்மா கூட இருந்தாங்க. கையைப் பிடிச்சுட்டு இருந்தாங்க."

"இருந்துமா செத்துட்டா?"

"இருந்தும்தான்."

நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன், ஐந்து நாளாக இவர் நினைத்துக்கொண்டிருந்ததுபோல. மிளகு ஜன்னலுக்குப் போகவில்லை, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

முதல் வாய் பாதி அவள் கழுத்தில் வழிந்தது. இரண்டாம் வாயை விழுங்கினாள். மூன்றாவதில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டேன். மறுபடியும் வாயைத் திறந்தாள். அரைக் கிண்ணம் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு, தூங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கினாள். மறுநாள் இவர் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தலைமைப் பதிப்பாசிரியர், "சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டு நாலாகக் கிழித்துப் போட்டாராம்.

இன்று வியாழக்கிழமை. காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவுவரை நான் கூடவே நடந்தேன். "நான் எழுந்திருப்பேனாம்மா?" என்று என்னைத்தான் கேட்டாள். "தெரியாதுடா" என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு, கதவு திறக்கும் முன்னாலேயே தானாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். இப்போது மணி இரண்டு தாண்டிவிட்டது. இரண்டு தடவை ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து வேகமாக உள்ளே போனாள், எங்கள் பக்கம் திரும்பவில்லை. இந்தப் பெஞ்சில் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் என் புறங்கையைத் தொட்டார்.

"ஏம்மா, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லேன்."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். சும்மா சொல்லேன். உனக்குத்தான் வருமே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதினாறு வருடம் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாத மனிதர் என்னிடம் கையேந்தி உட்கார்ந்திருக்கிறார்.

"ஒண்ணும் ஆகாதுங்க," என்றேன்.

எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது.